கல்லணையிடம் பாடம் கேட்ட காட்டன் துரை

ஆலயத்திலே கலச பூசை நடைபெறும் வேளையில், குடத்திலுள்ள நீரில் ஏழு புண்ணிய நதிகளையும் எழுந்தருளுமாறு குருக்கள் வேண்டுவது வழக்கம். கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என்பன அவ்வேழு நதிகள். செராங்கூன் சாலை ஆலயங்களிலாயினும், பொங்கோல் வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றின் புதுமனை புகுவிழாவிலாயினும், குழாயில் பிடித்த நீரே மந்திர வலிமையால் அந்நதிகளின் நீராகிறது. இந்த ஏழனுள் இரண்டு நதிகளைத் தம் கைகளால் செப்பம் செய்து, அவை பாயும் நாடுகளுக்குச் சோறளித்த ஒரு பொறியாளரை அன்பர்கள் நினைவுகூர்தல் தகும். அவர் பாரத நாட்டில் பிறந்தவர் அல்லர். நம் சமயத்தைச் சார்ந்தவரும் அல்லர். ஆயினும் கோதாவரிக் கரையிலே நீராடும் வேதியர் சிலர் சங்கற்பத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது இன்றளவும் வழக்கத்தில் உள்ளது. அவரே சர் ஆர்தர் தாமஸ் காட்டன் ஆவார்.

சிங்கப்பூர்த் தமிழரோடு அவருக்கு நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் நம்மில் பலருடைய பாட்டனாரும் முப்பாட்டனாரும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த வயல்களுக்கு நீர் எவ்வழியாக வந்தது என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி காட்டனின் வரலாற்றிலே உள்ளது.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றி கால்வெலி காட்டன். ஆண்மக்கள் பதினொருவருள் இவர் பத்தாமவர். பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கூம் இராணுவப் பள்ளியில் சேர்ந்து, பதினாறு வயதில் சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்றார். சிறிது காலம் வேல்ஸ் நாட்டில் நில அளவைப் பணி புரிந்தபின், 1821இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அடுத்த ஆண்டிலேயே அவர் தென் மாவட்டங்களின் ஏரி மராமத்துப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகியவை அதன் எல்லைக்குள் அடங்கின. இராமேசுவரத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கப்பல் செல்ல வழி செய்யலாமா என்பதை ஆராயும் பொருட்டுப் பாம்பன் கால்வாயையும் அவர் அளந்தார். இடையே பர்மாப் போருக்குச் சென்று திரும்பினார். ஆனால் அவருடைய பிற்கால வாழ்வுக்கு வித்திட்டது அந்த ஏரி மராமத்துப் பணியே எனலாம். பாண்டிய நாட்டுக் கண்மாய்களையும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கால்களையும், கலிங்குகளையும், மதகுகளையும் ஓர் இளைஞர் ஆண்டுக்கணக்காகச் சுற்றிப் பார்த்தால், அவற்றைக் கட்டியவர்களைப் பற்றி அவருக்கு ஒரு மதிப்பு பிறவாமல் இராது. அக்காலத்துத் துரைமார் பலருக்கு அத்தகைய மதிப்பு பிறக்கவில்லை என்பதும் உண்மையே. ஏரிகள் தூர்ந்து கிடப்பதைக் கண்டு இந்நாட்டு மக்களைச் சோம்பேறிகள் எனக் கருதியவர் உண்டு. காட்டனோ, முன்னோர் கட்டி வைத்தவற்றைப் பழுதுபார்க்கவும் செய்யாமல் வரியை மட்டும் வாங்கிக் கொண்டிருந்த தம்முடைய அரசாங்கத்தையே குறை கூறினார்.

1828ஆம் ஆண்டு காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் தனியாக ஒப்படைக்கப்பட்டது. அப்போது தஞ்சை நாடு ஒரு பெரும் இக்கட்டில் இருந்தது. அதனைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம். தெற்கே செல்லும் கிளை காவிரி என்ற பெயரையே கொண்டு ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தீவிலேதான் அரங்கநாதப் பெருமான் பள்ளிகொண்ட திருவரங்கமும், அப்புத் தலமாகிய திருவானைக்காவும் அமைந்துள்ளன. தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. அங்கே காவிரியின் மட்டம் மேலாகவும் கொள்ளிடத்தின் மட்டம் தாழ்வாகவும் இருப்பதால், தடையில்லாவிடில் காவிரி நீர் முழுவதும் கொள்ளிடத்தில் வழிந்து வீணே கடலுக்குப் போய்விடும். அதைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டதே கல்லணை. கரிகாற் பெருவளத்தான் அதைக் கட்டினான் என்பது நம்மவர் வழிவழியாகக் கூறிவருவது. ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள அந்த அணை, பாம்பின் உடல் போல வளைந்து வளைந்து செல்லும்.

கீழ்க்கோடியில் கல்லணை தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நோயோ மேற்கோடியில் தோன்றியது. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் கடலை நோக்கி ஓடுவது. காவிரியோ வளைந்து நிதானமாகச் செல்வது. விரைந்து ஓடும் நீர் மணலை அடித்துச் செல்லும். மெல்ல ஓடும் நீர் மணலைப் படியவிடும். எனவே ஆண்டுதோறும் முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாய் ஆழமாகியது. காவிரியின் வாய் மேடிட்டது. மேடிட்ட வாயில் நீர் இன்னும் குறைவாகவே புகுந்தது. குறைவாகப் புகுந்த நீர் இன்னும் மெல்ல ஓடி, மேலும் மணலைப் படிய வைத்தது. இப்படியே விட்டிருந்தால் தஞ்சைத் தரணியின் காவிரி, மழைக்காலத்தில் மட்டும் நீர் காணும் ஒரு மணல் ஓடையாக ஆகியிருக்கக்கூடும். வயல்கள் தரிசாகியிருக்கும். அவ்வயல்களின் விளைச்சலைக் கொண்டே ஆறு கால பூசை கண்டு வந்த திருக்கோயில்கள் பலவற்றில் விளக்கெரிவதும் அரிதாகியிருக்கும். கம்பெனியார் ஆண்டுதோறும் கூலியாட்களை வைத்து மணலை வாரிப் பார்த்தார்கள். வாரிய மணல் அடுத்த வெள்ளத்திலேயே திரும்பி வந்தது.

கொள்ளிடத்தின் வாயிலே ஒரு தாழ்ந்த அணையைக் கட்டினால், சாதாரணக் காலங்களில் நீர் காவிரிப் பக்கம் திரும்பும். வெள்ளக் காலத்தில் மிகுதி நீர் அணையின் மேல் வழிந்து கொள்ளிடத்தில் போய்விடும். இந்த எண்ணம் எளியது. ஆனால் கட்டுவது எங்ஙனம்? ஆற்றின் அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணலே. பாறையின்மேல் கட்டும் வித்தையைத்தான் ஐரோப்பியப் பொறியாளர் அறிந்திருந்தனர். அளவற்ற ஆழமுள்ள மணலின்மேல், ஆண்டுதோறும் வெள்ளம் வரும் ஆற்றின் குறுக்கே, கற்சுவர் எழுப்புவது அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று.

காட்டன் இங்கேதான் கல்லணையை நாடிச் சென்றார். அதனை ஆராய்ந்து, அதன் அடித்தளம் எவ்வகையானது என்று கண்டார். அங்கே பாறை இல்லை. பெரும் கற்களைக் கொணர்ந்து ஆற்று மணலிலே போட்டிருக்கிறார்கள். கல் தன் பாரத்தினாலும், நீர் அடியிலுள்ள மணலை அரிப்பதினாலும் சிறிது சிறிதாக மணலில் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். இனி இறங்க இடமில்லை என்ற நிலை வரும்வரை இவ்வாறே அடுக்கி, இடையில் களிமண்ணை இட்டு, மேலே அணையை எழுப்பியிருக்கிறார்கள். மணலை எதிர்த்துப் போராடாமல், மணல் தானே கல்லை ஏற்று நிலைபெறும் வரை விட்டுப் பிடித்த முறை அது. கல்லூரியில் படித்த எந்தப் பாடத்திலும் காட்டன் இதைக் கண்டதில்லை. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையை இந்நாட்டுப் பழைய அணையிடமிருந்தே கற்றதாகவும், பின்னர்த் தாங்கள் கட்டிய அணைகளுக்கும் பாலங்களுக்கும் அதுவே வழிகாட்டியது என்றும் அவர் முதுமையில் எழுதி வைத்தார். உயர்பதவியில் இருந்த ஓர் ஆங்கிலேயர், தாம் ஆளவந்த மக்களின் முன்னோரை ஆசிரியராக ஏற்று எழுதியது அந்நாளில் எளிதில் காணக்கூடிய செயலன்று.

நம் நாட்டார் கிணறு தோண்டும்போது உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் முறையையும் சென்னை மாகாணத்துப் பொறியாளர் அணை கட்டுவதற்குக் கைக்கொண்டனர். சிறு சிறு உறைகிணறுகளை வரிசையாக மணலில் இறக்கி, உள்ளே கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பினால், அவ்வரிசையே அணைக்கு அடித்தளம் ஆகிவிடும். ஆங்கிலத்தில் இத்தகைய அணைக்கு வழங்கும் ‘ஆனிகட்’ என்ற சொல்லே நம்முடைய ‘அணைக்கட்டு’ என்பதன் திரிபுதான். வித்தை போன வழியே சொல்லும் போயிற்று.

1836ஆம் ஆண்டு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. அதே காலத்தில், கீழே அணைக்கரை என்னுமிடத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையும் கட்டப்பட்டது. மேலணையைத் தாண்டி வழியும் நீரும் வீணாகாமல் கீழணையில் தடுக்கப்பட்டு, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் சென்றது. சோழர் வெட்டிய அந்த ஏரியிலிருந்து 2004ஆம் ஆண்டு முதல் சென்னை நகருக்குக் குடிநீர் செல்வதை அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

மேலணை எதிர்பார்த்ததற்கும் மேலாகவே பயன் தந்தது என்று சொல்ல வேண்டும். முன்பு மேடிட்டிருந்த காவிரிக்குள் நீர் விரைந்து புகுந்து, இப்போது காவிரியின் படுகையையே அரிக்கத் தொடங்கியது. நோய்க்குக் கொடுத்த மருந்து சற்று மிகையாயிற்று. பின்னர்க் காவிரியின் வாயிலும் ஒரு தடுப்பைக் கட்டியே அளவைச் சரிசெய்தார்கள். ஆற்றைத் திருத்துவோர் எவ்வளவு அறிந்தவராயினும் ஆறும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லும் போலும்.

சிங்கப்பூரில் வாழ்வோர்க்கு இத்தகைய பணியின் அருமை எளிதில் விளங்கும். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபோதும், 2011இல் பொங்கோல், செராங்கூன் ஆறுகளின் முகத்துவாரங்கள் அடைக்கப்பட்டு நீர்த்தேக்கங்கள் ஆனபோதும், மழை நீரைத் தேக்கிக் கொள்வதும் வெள்ளத்தை வெளியே விடுவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே அணை செய்ய வேண்டியிருந்தது. மரினாவிலே ஒன்பது எஃகுக் கதவுகளும் பெரும் பம்புகளும் அதைச் செய்கின்றன. காட்டனுக்குப் பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. அணையின் உயரம் ஒன்றையே சரியாகக் கணித்து, அதனைக் கொண்டே இரண்டையும் செய்தாக வேண்டும். ஓரடி கூடினால் கரையுடையும்; ஓரடி குறைந்தால் வயல் காயும்.

காவிரிப் பணி முடிந்தபின் அவருடைய உடல்நலம் குன்றிற்று. விடுப்பில் டாஸ்மேனியாவுக்குச் சென்று தங்கினார். 1841இல் எலிசபெத் லியர்மந்த் என்னும் அம்மையாரை மணந்தார். பிறகு விசாகப்பட்டினத்தில் பணியாற்றினார். அங்கே கடலரிப்பைத் தடுக்கக் கல் வரம்புகள் அமைத்ததாகக் கூறுவர். ஆனால் அவருடைய பெரும்பணி அவருக்காகக் கோதாவரிக் கரையிலே காத்திருந்தது.

கோதாவரி மாவட்டத்தின் நிலை அந்நாளில் கேட்போர் மனத்தைக் கலக்குவதாக இருந்தது. 1833இல் கொடிய பஞ்சம். குண்டூர்ப் பகுதியில் ஐந்து இலட்சம் பேரில் இரண்டு இலட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டனர். 1839இல் கோரிங்கா கடற்கரையைப் புயலும் கடல் கோளும் தாக்கின. 1821இல் 7,38,000க்கு மேல் இருந்த கோதாவரி மாவட்டத்து மக்கள்தொகை, 1841இல் 5,61,000 அளவுக்குத் தேய்ந்தது. இத்தனைக்கும் அம்மக்கள் வாழ்ந்தது இந்தியாவின் மிகப் பெரிய நதிகளுள் ஒன்றின் கரையிலே. கண்ணெதிரே வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, கரையில் இருந்தவர்கள் பட்டினியால் மடிந்தார்கள்.

தஞ்சையில் செய்ததை இங்கும் செய்யலாம் என்று காட்டன் 1844இல் அறிக்கை அளித்தார். தவளேசுவரம் என்னுமிடத்தில், தீவுகளையும் சேர்த்து ஏறத்தாழ நான்கு மைல் அகலமுள்ள ஆற்றின் குறுக்கே அணை எழ வேண்டும். கம்பெனி இயக்குநர்கள் 1846இல் ஒப்புதல் அளித்தனர். மக்களின் துயர்மீது கொண்ட இரக்கம் மட்டும் அதற்குக் காரணம் என்று எண்ணுவதற்கில்லை. மேலணைக்குப் பின் தஞ்சையில் நிலவரி வருமானம் உயர்ந்ததை அவர்கள் கணக்கில் கண்டிருந்தார்கள். காட்டனும் இதை நன்றாக அறிந்தவர். பசித்தவன் கதையைக் கேளாத மேலிடம் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் என்பதால், தம் அறிக்கைகள் எல்லாவற்றிலும் இலாபத்தை முன்னே நிறுத்தினார். அரசாங்கக் கோப்புகளோடு பழகியவர்கள் இந்த உத்தியைப் புரிந்துகொள்வார்கள்.

1847இல் பணி தொடங்கியது. அவர் கேட்ட அளவுக்குப் பொறியாளர்களை அனுப்ப மேலிடத்தால் இயலவில்லை. கிடைத்த சில இளைஞர்களைக் கொண்டே அவர் வேலையை நடத்தினார். ஆற்றங்கரையிலேயே குடும்பத்தோடு தங்கினார். வெயில் தாக்கி உடல் நலிந்ததால் 1848இல் ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 1850இல் திரும்பி வரும் வரை ஓர் என்னும் இளம் அதிகாரி பணியை நிறுத்தாமல் நடத்தினார். இவரே பின்னர் விசயவாடாவில் கிருஷ்ணா அணையைக் கட்டியவர்.

இந்த வரலாற்றிலே பலரும் சொல்ல மறக்கும் ஒரு பெயர் வீணம் வீரண்ணா என்பது. அவர் அவ்வட்டாரத்து மனிதர்; காட்டனிடம் துணைப் பொறியாளராகப் பணியாற்றியவர். பத்தாயிரம் பேர் அளவிலான தொழிலாளரைத் திரட்டி, அவர்களைக் கலையாமல் வைத்திருந்தவர் அவரே. வெள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் இடைப்பட்ட சில மாதங்களே ஆற்றில் வேலை செய்யக்கூடிய காலம். அதற்குள் கல் வர வேண்டும். சுண்ணாம்பு வேக வேண்டும். ஆட்களுக்கு உணவு வேண்டும். காய்ச்சல் வந்தால் அவர்களை வேறிடம் அனுப்ப வேண்டும். மொழியும் வழக்கமும் தெரிந்த ஒருவர் இல்லாமல் இவற்றுள் எதுவும் நடந்திராது. அரசாங்கம் அவருக்கு ராய் பகதூர் பட்டம் அளித்தது. அந்தப் பத்தாயிரம் பேரின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை. பெரிய கோபுரம் கட்டிய சிற்பிகளின் பெயர்களும் பெரும்பாலும் நமக்குத் தெரியாமற் போனதை இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1852இல் அணை நிறைவேறியது. அதனோடு கால்வாய்களும் வெட்டப்பட்டன. கோதாவரிக் கழிமுகத்தின் நடுப்பகுதியாகிய தீவு நிலத்துக்கு நீர் கொண்டு செல்ல, கன்னவரம் அருகே ஆற்றின் கிளையொன்றின் மேலாகவே 49 வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம் ஒன்று கட்டப்பட்டது. ஹெய்க் என்னும் இளம் பொறியாளர் அதனைக் கட்டினார். ஆற்றுக்கு மேலே இன்னோர் ஆறு ஓடிய அக்காட்சியை ஊரார் வியந்து பார்த்திருப்பர். பஞ்சத்துக்குப் பெயர்போன மாவட்டம் நெற்களஞ்சியம் ஆயிற்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர். அப்போது கோதாவரிக் கழிமுகம் தான் பிழைத்ததோடு பிற மாவட்டங்களுக்கும் தானியம் அனுப்பியது.

தம் முன்னோர் கடைத்தேறக் கங்கையைப் பூமிக்குக் கொணர்ந்த பகீரதனின் கதையை அன்பர்கள் அறிவர். கோதாவரிப் பகுதிப் பண்டிதர்கள் காட்டனைப் பகீரதனுக்கு ஒப்பிட்டு வடமொழியில் சுலோகம் இயற்றினார்கள். கோயில் உற்சவத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த துரைமார் உண்டு. நகை சாத்திய துரைமாரும் உண்டு. காட்டன் அப்படி எதுவும் செய்தவராகத் தெரியவில்லை. அவர் தம் கிறிஸ்தவ சமயத்தில் உறுதியான பற்றுடையவர். அப்படியிருந்தும் அவரைச் சங்கற்பத்திலே வைத்தார்கள் என்றால், நீர் கொடுத்தவனுக்கு நம்மவர் என்ன இடம் கொடுத்தார்கள் என்பது தெரிகிறது.

1861இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆயினும் அதன்பின் வந்த ஆண்டுகள் அவருக்குப் போராட்டமாகவே கழிந்தன. அரசாங்கம் பெரும் பொருளை இருப்புப்பாதைக்குச் செலவிட்டு வந்தது. இரயில் வண்டி தானியத்தைச் சுமக்கும்; விளைவிக்காது. கால்வாயோ விளைவிக்கவும் செய்யும், படகிலே சுமக்கவும் செய்யும் என்பது காட்டனின் வாதம். இந்தியாவின் நதிகளைக் கால்வாய்களால் இணைக்க வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். தாது வருடப் பஞ்சத்தின் பின்னர், 1878இல், எழுபத்தைந்து வயது முதியவராக நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று வாதாடினார். குழுவினரோ அவருடைய திட்டங்களை ஏற்கவில்லை.

அவர் சொன்னவை எல்லாம் சரியென்று கொள்வதற்கும் இல்லை. அவருடைய ஊக்கத்தால் தொடங்கப்பட்ட கர்நூல் – கடப்பைக் கால்வாய், அதனை நடத்திய கம்பெனிக்குப் பெரும் நட்டத்தையே தந்தது. கழிமுகச் சமவெளியில் வெற்றி பெற்ற முறை எல்லா நிலத்துக்கும் பொருந்தும் என்று அவர் நம்பிவிட்டார். மேட்டு நிலத்தில் அந்நம்பிக்கை பலிக்கவில்லை. ஒரு துறையில் பெருவெற்றி கண்டவர்க்கு நேரும் இடர் இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலணை கட்டியபின் தஞ்சையில் நீர் பெருகியது, விளைச்சலும் பெருகியது. ஆனால் அந்த விளைச்சல் மிராசுதாரின் களஞ்சியத்தையும் அரசாங்கத்தின் கருவூலத்தையும் சேர்ந்ததேயொழிய, சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களுக்குப் பெரிதாகப் பங்கு வந்துவிடவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் நிலமற்ற அந்த உழைப்பாளிகள் நிறையப் பேர் இருந்தனர். ஆறு நிறைய நீர் ஓடிய நாட்டிலிருந்தும் வயிற்றுக்காக மக்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். அணை கட்டுவது பொறியாளர் வேலை. பங்கிட்டுக் கொடுப்பது வேறொருவர் வேலை. அந்த இரண்டாவது வேலையைச் செய்ய அக்காலத்தில் ஆள் இல்லை.

ஓய்வு பெற்றபின் காட்டன் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. நிலத்தை ஆழ உழுது பயிரிட்டால் விளைச்சல் கூடுமா என்று தம் தோட்டத்தில் சோதனை செய்து கொண்டிருந்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமது தொண்ணூற்றாறாவது வயதில் அங்கேயே காலமானார். அவருடைய மகளார் லேடி ஹோப் அடுத்த ஆண்டு தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

தவளேசுவரத்தில் பழைய அணைக்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய கதவணைக்கு 1982இல் காட்டனின் பெயரே சூட்டப்பட்டது. அங்கே அவருக்கு அருங்காட்சியகமும் உண்டு. ஆந்திர நாட்டின் ஊர்கள் பலவற்றில், குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் அவருக்குச் சிலைகள் உள்ளன. 2015இல் நடைபெற்ற கோதாவரிப் புஷ்கரத்தில் நீராடிய இலட்சக்கணக்கானோர் அந்த அணைக்கு அருகிலேதான் நீராடினார்கள்.

காவிரிப் பக்கம் நிலை வேறு. முக்கொம்பு மேலணையில் பின்னாளில் 45 கதவுகளும் மேலே பாலமும் அமைத்திருந்தார்கள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் நாள் இரவு, காவிரியில் பெருவெள்ளம் ஓடிய வேளையில், அவற்றுள் ஒன்பது கதவுகள் இருந்த பகுதி இடிந்து ஆற்றோடு போயிற்று. கட்டி 182 ஆண்டுகள் ஆகியிருந்தன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி உடைப்பை அடைத்தார்கள். பின்னர் அருகிலேயே கொள்ளிடத்தின் குறுக்கே புதிய கதவணை கட்டப்பட்டது. திருவரங்கத் தீவின் மறுகோடியில், காட்டன் இறங்கி நின்று அடித்தளம் பார்த்த கல்லணை, அவ்வெள்ளத்தையும் கடந்து நின்றது.